நடை தடுமாறுபவரின் சிறுமூளையை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் ஒருவர் கால் பின்னித் தள்ளாடி நடந்தால், குடித்திருக்கிறார் என்றுதான் ஊரார் முதலில் சொல்வார்கள். அவருக்குக் குடிப்பழக்கமே இல்லை என்று தெரிந்தவர்கள், வயதாகிவிட்டது என்றோ வாதக்கோளாறு என்றோ சொல்லி விட்டுவிடுவார்கள். இதனால் சிறுமூளை பழுதுபட்டவர்கள் பலர் மாதக்கணக்கில் மருத்துவரிடம் போகாமலேயே இருந்துவிடுகிறார்கள். வீடு தேடிச் செல்லும் சுகாதாரத் தன்னார்வலர்கள், இயன்முறை மருத்துவ மாணவர்கள், நோயாளியின் வீட்டார் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது என்பதால், வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்ப்பது இந்தப் பகுதிக்குப் புதிய வழக்கமன்று.

சோதிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ராகி அடிக்கும் சிமெண்டுக் களம் போன்ற சமதளம், ஒரு கட்டில், ஒரு செல்பேசி ஆகியவை இருந்தால் போதும். நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவரின் வேலை. கோளாறு சிறுமூளையில்தானா, எந்தப் பக்கம், எவ்வளவு அவசரம் என்ற மூன்றையும் தெரிந்துகொண்டு அனுப்பிவைப்பதே உங்கள் வேலை.

எதைப் பார்க்க வேண்டும்

கையை நீட்டு, காலைத் தூக்கு என்று ஆணையிடுவது பெருமூளை. அந்த ஆணை நிறைவேறும்போது, கை எவ்வளவு தூரம் போக வேண்டும், எந்த வேகத்தில் போக வேண்டும், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கணமும் சரிபார்த்துத் திருத்துவது சிறுமூளை. ஆகையால் சிறுமூளை கெட்டால் கை கால் செயலிழப்பதில்லை. வலிமை இருக்கும், ஆனால் அளவு தவறும். 1824-இல் பிரெஞ்சு ஆய்வாளர் பியர் ஃப்ளூரன்ஸ் புறாக்களின் சிறுமூளையை அகற்றிப் பார்த்தபோது, அவற்றால் சிறகையும் காலையும் அசைக்க முடிந்தது, ஆனால் அந்த அசைவுகளை ஒன்றுசேர்த்து நடக்கவோ பறக்கவோ முடியவில்லை. முதல் உலகப்போரில் பின்மண்டையில் குண்டடி பட்ட படைவீரர்களைப் பல நாட்கள் கவனித்த கார்டன் ஹோம்ஸ், மனிதரிடமும் இதையே கண்டு 1917-இல் விரிவாக எழுதினார். இன்று மருத்துவர்கள் நோயாளியின் படுக்கையருகே செய்யும் சோதனைகளில் பலவற்றுக்கு அவருடைய குறிப்புகளே அடிப்படை.

எனவே இங்குச் சோதிப்பவர் வலிமையைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. “கையை இறுக்கிப் பிடிங்க” என்று சொல்லிப் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டு வருவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. அசைவு தொடங்கியதிலிருந்து முடியும் வரை அதன் பாதையைப் பார்க்க வேண்டும்.

அமைப்பைப் பற்றிச் சோதிப்பவர் அறிய வேண்டியவை

பின்மண்டையைத் தடவினால் நடுவில் ஒரு எலும்பு மேடு விரலுக்குத் தட்டுப்படும். சிறுமூளை அந்த மேட்டுக்குக் கீழே, பிடரிக்கு மேலே, மண்டையோட்டின் பின்குழியில் இருக்கிறது. அதற்கு முன்னால் மூளைத்தண்டின் பகுதிகளான பான்ஸும், மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆளும் முகுளமும் உள்ளன; அவற்றுக்கும் சிறுமூளைக்கும் நடுவில் மூளைநீர் ஓடும் நான்காம் அறை இருக்கிறது. இந்தக் குழி குறுகலானது என்பதை மறக்கக் கூடாது. சிறுமூளை வீங்கினால் விரிய இடமில்லாமல் நான்காம் அறையையும் முகுளத்தையும் அழுத்தும். பின்னால் அவசரம் பற்றிச் சொல்லப்போவதற்கெல்லாம் காரணம் இதுதான்.

எடையில் இது ஏறத்தாழ 150 கிராம், அதாவது மூளையின் பத்தில் ஒரு பங்கு. ஆயினும் 2009-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி மனித மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் 6,900 கோடி சிறுமூளையில்தான் உள்ளன. இவ்வளவும் அந்தச் சிறிய இடத்தில் அடங்குவதற்குக் காரணம், அதன் மேற்பரப்பு கொசுவிய சேலையைப் போல நெருக்கமாக மடிந்திருப்பதே.

சோதனைக்குப் பயன்படும் விதத்தில் சிறுமூளையை மூன்று பகுதிகளாகப் பிரித்து நினைவில் வைக்கலாம். நடுவில் இருக்கும் வெர்மிஸ் என்ற குறுகிய பட்டை உடலின் நடுப்பகுதியையும் நடையையும் கவனிக்கிறது. இருபுறமும் உள்ள அரைக்கோளங்கள் கை கால்களைக் கவனிக்கின்றன. அடிப்பக்கத்தில் உள்ள சிறு மடல், உட்செவியின் சமநிலை உறுப்போடு இணைந்து, தலை அசையும்போது கண் நிலைத்து நிற்கவும் உடல் சாயாமல் இருக்கவும் உதவுகிறது. தெருக்கூத்துக் கலைஞர் கனத்த அணிகளோடு சுழன்று ஆடிவிட்டுச் சட்டென நின்று வசனம் பேச முடிவதில், பல்லாண்டுப் பயிற்சியோடு இந்த மடலுக்கும் பங்கு உண்டு.

சிறுமூளையை மூளைத்தண்டோடு இணைப்பவை பக்கத்துக்கு மூன்றாக அமைந்த நரம்புத் தண்டுகள். பெருமூளை என்ன செய்யச் சொன்னது என்ற செய்தி பான்ஸ் வழியாக நடுத்தண்டில் வருகிறது. கை கால் உண்மையில் எங்கே இருக்கிறது என்ற செய்தி தண்டுவடத்திலிருந்து பெரும்பாலும் கீழ்த்தண்டில் வருகிறது. இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட செய்தி முக்கியமாக மேல்தண்டு வழியாக வெளியேறி, மூளையின் நடுவே செய்திகளைக் கடத்தும் தாலமஸ் மூலம் பெருமூளைக்குப் போகிறது. ஒப்பிடும் வேலையின் மையத்தில் இருப்பவை, 1837-இல் செக் நாட்டு அறிஞர் பர்கின்ஜி விவரித்து அவர் பெயராலேயே அறியப்படும் பெரிய நரம்பணுக்கள். ஒவ்வொரு பர்கின்ஜி அணுவுக்கும் மெல்லிய இழைகள் வழியாக ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்புகள் உண்டு. இவை தவிர, முகுளத்திலிருந்து ஏறி வந்து அதைச் சுற்றிக்கொள்ளும் இழை ஒன்றே ஒன்றுதான். அசைவில் பிழை நேர்ந்தது என்ற செய்தியை அந்த ஒற்றை இழை கொண்டுவருவதாகவும், அதைக் கொண்டே பிழைக்குக் காரணமான தொடர்புகள் வலுவிழந்து நாம் பழகுகிறோம் என்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். தறியில் நாடா எறியக் கற்பதும், தலையில் குடத்தோடு வரப்பில் நடக்கக் கற்பதும் இப்படித்தான். பர்கின்ஜி அணுக்கள் வெளியே அனுப்புவது முழுவதும் அடக்கும் செய்திதான். அவை அழியும்போது அசைவு நின்றுவிடுவதில்லை, கட்டுப்பாடிழந்து அளவு தவறுகிறது.

இன்னொன்றையும் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். சிறுமூளையிலிருந்து போகும் பாதை ஒரு முறை பக்கம் மாறுகிறது. பெருமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதை மீண்டும் ஒரு முறை மாறுகிறது. ஆகவே இடது சிறுமூளை கெட்டால் இடது கையும் இடது காலும்தான் தடுமாறும். பெருமூளைப் பக்கவாதத்தில் எதிர்ப்பக்கம் பாதிக்கப்படுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே குழம்பிப்போகிறார்கள்.

சோதிக்கும் முறை

அவர் மது அருந்தாமல் தெளிவாக இருக்கும் நேரத்தில், வீட்டார் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு சோதியுங்கள். என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை அவருடைய பேச்சிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். “பெரியப்பா, நடை எப்படி இருக்குதுன்னு பாக்கறேன், வேற ஒண்ணும் இல்லைங்க” என்றால் பயம் குறையும். திடீரெனத் தலைசுற்றி விழுந்தவரிடம் இந்தச் சோதனைகளைச் செய்து நேரத்தைக் கடத்த வேண்டாம்; அவருக்கான பகுதி பின்னால் உள்ளது.

நடையிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட அதிகம் சொல்வது நடைதான். களத்தில் பத்தடி தூரம் அவர் வழக்கம்போல் நடந்து, திரும்பி, மீண்டு வரட்டும். பாதங்களுக்கு இடையே எவ்வளவு அகலம் விடுகிறார், ஒவ்வொரு எட்டும் ஒரே அளவில் விழுகிறதா, திரும்பும்போது எத்தனை சிற்றடிகள் வைக்கிறார் என்று கவனியுங்கள். சிறுமூளை கெட்டவர் காலை அகட்டி வைப்பார்; ஓர் எட்டு நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் விழும்; திரும்பும் இடத்தில்தான் மிகவும் தள்ளாடுவார். அடுத்து, கோலமாவால் நேர்கோடு போட்டு, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல்நுனியைத் தொடும்படி கோட்டின்மேல் நடக்கச் சொல்லுங்கள். தொடக்க நிலைக் கோளாறு சாதாரண நடையில் தெரியாமல் இங்கே மட்டும் வெளிப்படும். பாதிப்பு ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பக்கமே சாய்ந்து போவார். முதியவர்களில் பலருக்கு மூட்டு வலியாலும் இந்தக் கோட்டு நடை வராது. ஆகையால் அவர்கள் விஷயத்தில் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

பின்பு பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்லுங்கள். கண் திறந்திருக்கும்போதே நிற்க முடியவில்லை என்றால் சிறுமூளையைச் சந்தேகிக்கலாம். கண் திறந்திருக்கையில் உறுதியாக நின்று, கண்ணை மூடியதும் சாய்பவருக்குக் கோளாறு பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: நீரிழிவால் பாத உணர்வு மங்கியிருக்கலாம், பி12 சத்துக் குறைந்திருக்கலாம், அல்லது உட்செவி பாதிக்கப்பட்டிருக்கலாம். இந்த வேறுபாட்டைக் காண ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அது மருத்துவரின் தேடலைப் பெருமளவு சுருக்கும்.

அடுத்தது கை. அவருக்கு எதிரே அமர்ந்து, அவர் கை முழுதாக நீளும் தூரத்தில் உங்கள் சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு, “உங்க மூக்கைத் தொட்டுட்டு என் விரலைத் தொடுங்க, திரும்பத் திரும்பச் செய்யுங்க” என்று சொல்லுங்கள். இடையிடையே உங்கள் விரலை இடம் மாற்றுங்கள். சிறுமூளை கெட்ட கை விரலைத் தாண்டிப் போகும் அல்லது எட்டாமல் நிற்கும். இலக்கை நெருங்க நெருங்க நடுக்கம் கூடும். பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது மிகுதியாகவும் வேலை செய்யும்போது குறைவாகவும் இருக்கும் என்பதால், இரண்டையும் இங்கேயே பிரித்தறியலாம். பிறகு தொடையின் மேல் உள்ளங்கையையும் புறங்கையையும் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டச் சொல்லுங்கள். தாளம் உடைந்து, கை ஒரே இடத்தில் விழாமல் அலைகிறதா என்று பாருங்கள். இரு கைகளையும் தனித்தனியே சோதித்து ஒப்பிடுங்கள். எழுத்தறிந்தவராக இருந்தால் ஒரு கையெழுத்து வாங்கி, அவருடைய பழைய பாஸ்புக்கிலோ பத்திரத்திலோ உள்ள கையெழுத்தோடு வைத்துப் பாருங்கள். எழுத்து பெரிதாகிக் கோணலாகியிருந்தால், கோளாறு எப்போது தொடங்கியது என்பதைக்கூடச் சில நேரம் அதிலிருந்து கணிக்கலாம்.

காலுக்கு, கட்டிலில் படுக்கவைத்து, ஒரு காலின் குதிகாலை மற்றக் கால் முட்டியில் வைத்து, முன்னெலும்பின் மேலேயே பாதம் வரை இழுக்கச் சொல்லுங்கள். குதிகால் இருபுறமும் நழுவி விழுந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்களைச் சோதிக்க, முகத்துக்கு ஒன்றரை அடி தள்ளி உங்கள் விரலை மெதுவாக இடமும் வலமும் நகர்த்துங்கள். தலையை அசைக்காமல் அவர் பார்வையால் தொடரட்டும். கடைசி மூலை வரை கொண்டுபோக வேண்டாம், அங்கே நல்ல கண்ணும் ஓரிரு முறை துடிக்கும். வலப்பக்கம் பார்க்கும்போது வலமாகவும், இடப்பக்கம் பார்க்கும்போது இடமாகவும் கண் துள்ளித் துள்ளி அசைந்தால், அது உட்செவிக் கோளாறாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பேச்சுக்கு நம் ஊர்ப் பெயர்களே போதும். பாப்பிரெட்டிப்பட்டி, காவேரிப்பட்டணம், தேன்கனிக்கோட்டை ஆகிய மூன்றையும் தொடர்ந்து சில முறை சொல்லச் சொல்லுங்கள். சிறுமூளை கெட்டவர் அசை அசையாகப் பிரித்து, ஓர் அசையை உரக்கவும் அடுத்ததைத் தணிந்தும் சொல்வார். பெரும்பாலும் இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ஊர் அவரைக் குடிகாரர் என்று முடிவு கட்டியிருக்கும்.

கண்டதைப் பிரித்தறிதல்

கை ஓரளவு சரியாக இருந்து நடை மட்டும் மோசமாக இருந்தால் வெர்மிஸ் பாதிக்கப்பட்டிருக்கலாம். நெடுங்காலம் குடித்தவர்களிடம் காணப்படுவது பெரும்பாலும் இதுதான். ஒரு பக்கத்துக் கையும் காலும் மட்டும் அளவு தவறினால் அதே பக்கத்து அரைக்கோளத்தில் இரத்தக்குழாய் அடைப்போ கட்டியோ இருக்கக்கூடும். இரு பக்கமும் ஒன்றுபோல் பாதிக்கப்பட்டிருந்தால் நஞ்சு, மருந்து, சத்துக்குறைவு, பரம்பரை நோய் ஆகியவற்றை நினைக்க வேண்டும்.

தருமபுரி, கிருஷ்ணகிரியில் சோதிப்பவர் ஃப்ளூரோசிஸ் நோயைத் தனியே நினைவில் கொள்ள வேண்டும். இப்பகுதியின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதற்கு முன் பல்லாண்டு ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்த முதியோர் சிலருக்கு முதுகெலும்பும் அதன் தசைநார்களும் தடித்துத் தண்டுவடத்தை நெருக்குகின்றன. அவர்களும் நடக்கச் சிரமப்படுவார்கள். ஆனால் அந்த நடை விறைத்துப்போன நடை. கால்கள் மரம்போல் இறுகி இழுபடும், முதுகு வளையாது, குனிந்து பொருளெடுக்க முடியாது. சிறுவயதிலிருந்தே அந்த நீரைக் குடித்திருந்தால் பற்களில் பழுப்புக் கறையும் இருக்கும். கண் துள்ளாது, பேச்சு குழறாது. இந்த இருவரையும் குழப்பிக்கொண்டால், கழுத்துக்கும் முதுகுக்கும் எடுக்க வேண்டிய எம்.ஆர்.ஐ. மூளைக்கு மட்டும் எடுக்கப்பட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்ற அறிக்கையோடு அவர் வீடு திரும்புவார்.

வீட்டாரிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. வலிப்புக்கு ஃபெனிடோயின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். பலருக்கு எப்டாயின் என்றால்தான் தெரியும். அளவு மிகுந்தால் அது தள்ளாட்டத்தையும் கண் துள்ளலையும் உண்டாக்கும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், வலிப்பு திரும்பிவிடும்; மருத்துவர்தான் அளவை மாற்ற வேண்டும். கோடையில் கல் குவாரியிலோ செங்கல் சூளையிலோ வேலை செய்து வெப்பத் தாக்கத்தால் மயங்கி விழுந்த பிறகு தடுமாற்றம் வந்ததா என்றும் விசாரியுங்கள். மிகுந்த உடல் வெப்பம் பர்கின்ஜி அணுக்களை எளிதில் அழிக்கும். தாத்தா, அப்பா, அத்தை என்று தலைமுறைதோறும் நடுவயதில் தள்ளாட்டம் வந்திருந்தால் அது பரம்பரைச் சிறுமூளைத் தேய்வாக இருக்கலாம்; அதற்கும் சொந்தத்தில் பெண்ணெடுத்ததற்கும் தொடர்பில்லை. மாறாக, பெற்றோர் நலமாக இருந்து, பிள்ளைகளுக்கு மட்டும் இளவயதிலேயே வந்தால், அக்கா மகள் அல்லது மாமன் மகள் திருமணமா என்று கேட்பது பொருத்தமானது.

எது அவசரம்

திடீரெனத் தலை சுற்றி, வாந்தி எடுத்து, பிடிமானமின்றி நிற்கவோ உட்காரவோ முடியாமல் போனவருக்குச் சிறுமூளையில் பக்கவாதம் வந்திருக்கக்கூடும். பெரும்பாலும் முகம் கோணியிருக்காது, கை தூக்க முடியும் என்பதால் பித்தம் என்றோ கிறுகிறுப்பு என்றோ நினைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், பின்தலை வலி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக, தொடங்கிய நேரத்திலிருந்து நான்கரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டியது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலையூர்களிலிருந்தும் பென்னாகரம் பக்கத்து உள்கிராமங்களிலிருந்தும் கிளம்புபவர்களுக்கு அந்த நான்கரை மணி நேரத்தில் பெரும்பகுதி சாலையிலேயே போய்விடும். எனவே கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் சிறுமூளைப் பக்கவாதம் தெரியாமல் போகலாம். அவரால் நடக்க முடியாதவரை, ஸ்கேன் சரியாக இருக்கிறது என்பதற்காக வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். வீக்கம் அடுத்த சில நாட்களில்தான் உச்சத்தை அடையும்.

குழந்தைகளில் இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். சின்னம்மை தணிந்த பின் சில நாட்களில் குழந்தை தள்ளாடினால் அது பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகும், ஆயினும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நாளுக்கு நாள் கூடும் தள்ளாட்டம் என்றால் நான்காம் அறையை அடைக்கும் கட்டியைச் சந்தேகித்து ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. குடிப்பவர் ஒருவர் தள்ளாட்டத்தோடு மனக்குழப்பமும் கண் அசைவுக் கோளாறும் கொண்டிருந்தால், அவருக்கு வேண்டியது தயமின் (வைட்டமின் பி1) ஊசி, அதுவும் அன்றைக்கே.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. மெதுவாக வளரும் கோளாறுகளுக்கு அங்கே தொடங்கி, தேவைப்பட்டால் சேலத்துக்கோ பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கோ அனுப்பப்படுவது வழக்கம்.

வீடு திரும்பிய பின்

தேய்வு நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இழந்த அணுக்களை மீட்கும் மருந்து இல்லை. ஆனால் ஒருங்கிணைப்புப் பயிற்சியைத் தொடர்ந்து செய்தவர்களின் நடை மேம்படுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. விட்டுவிட்டால் அந்தப் பயன் குறையும். இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சிகளை, சுவரை ஒட்டி மூங்கிலால் ஒரு கைப்பிடி கட்டி, அதன் அருகே நாள்தோறும் செய்யச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றோரம் போவது, மாமரம், புளியமரம் ஏறுவது, இருசக்கர வாகனம் ஓட்டுவது மூன்றும் அவருக்கு வேண்டாம்.

சாப்பாட்டில் ஓர் எச்சரிக்கை. இந்தப் பகுதியில் களியை மெல்லாமல் உருண்டையாக விழுங்குவது பழக்கம். சிறுமூளையும் மூளைத்தண்டும் பாதிக்கப்பட்டவருக்கு விழுங்கும் தசைகளின் நேரம் தவறுவதால் அந்த உருண்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறலாம். நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, கெட்டியான ராகிக் கூழைச் சிறு சிறு வாயாகக் குடிப்பது பலருக்கு எளிதாக இருக்கும். சாப்பிடும்போது அடிக்கடி இருமுபவரை விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும்.

மாதம் ஒரு முறை அதே களத்தில், அதே கோட்டில் நடக்க வைத்து, அதே இடத்தில் நின்று செல்பேசியில் படம் பிடித்துத் தேதியோடு சேமித்து வையுங்கள். மூக்கையும் விரலையும் தொடும் சோதனையையும், மூன்று ஊர்ப் பெயர்களைச் சொல்வதையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அடுத்த முறை பார்க்கும்போதும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மதிப்பிடும்போதும், அன்றைய நடையோடு முந்தைய மாதங்களின் நடையையும் அவரால் ஒப்பிட முடியும்.